மேப்பிள் பாகும் எங்க ஊர் கூப்பனியும்

டிஸ்கி: நீளமான பதிவு. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு, நிறைய கொசுவத்தி. நான் வரலாறு படித்தவன் இல்லை, பி.காம். முடித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டும் ஆசாமி. ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் இருப்பவர்கள் அப்புறம் வந்து படிக்கலாம் :-)

போன ஏப்ரலில் ஒரு நாள் ராத்திரி என் கூடப் படித்தவன் ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். டொரண்டோவில் இருக்கிறான், குடியுரிமையும் வாங்கிவிட்டான். திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, தம்பானூரில் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜில் படுத்துவிட்டு, காலையில் நாகர்கோவில் வண்டி பிடித்து ஊருக்குப் போவதாகத் திட்டம். எங்கள் வீடு அந்த லாட்ஜிலிருந்து நடக்கிற தூரம்தான். சாப்பிட வாடா என்றேன். வந்தவன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தான். இலை வடிவத்தில் கண்ணாடி பாட்டில், உள்ளே தேன் நிறத்தில் திரவம்.

"என்னல இது?"

"இதுதாம்ல எங்க ஊர் பதநீர்."

மேப்பிள் சிரப். அவன் 'எங்க ஊர்' என்று கனடாவைச் சொன்னது முதலில் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் பதநீர் என்ற வார்த்தையை அவன் விடவில்லையே, அதனால் மன்னித்துவிட்டேன். வீட்டம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். பையன் அதன் மேல் இரண்டு ஸ்பூன் ஊற்றித் தின்றுவிட்டு, "அப்பா, இது ஆச்சி வீட்டுக் கூப்பனி மாதிரியே இருக்கு" என்றான்.

கூப்பனி தெரியாதவர்களுக்காக: பதநீரைச் சட்டியில் ஊற்றிக் காய்ச்சும்போது, அது கருப்பட்டியாக இறுகுவதற்கு முன் பாகாக வரும் ஒரு பதம் இருக்கிறது. அதுதான் கூப்பனி. யாழ்ப்பாணத்துக்காரர்கள் பாணி என்பார்கள். நாக்கில் வைத்தால் இனிப்போடு லேசாக ஒரு புகை வாசம். பையன் சொன்னது சரிதான். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அன்றைக்கு ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினோம். அந்தப் பேச்சும், அதற்கப்புறம் நான் தேடிப் படித்ததும்தான் இந்தப் பதிவு.

*

முதலில் என் பூர்வீகம். உடன்குடிக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில் ஒரு கிராமம். செக்கச் செவேல் என்று தேரி மணல், அதில் கண்ணுக்கு எட்டின வரைக்கும் பனை. தம்பானூரிலிருந்து நாலு, நாலரை மணி நேரப் பயணம். துபாயிலும் நியூஜெர்சியிலும் உட்கார்ந்து ஊர் நினைப்பில் எழுதுகிறவர்கள் "இதெல்லாம் ஒரு தூரமா" என்று சிரிக்கலாம். மொழி மாறி, டீக்கடைப் பேச்சு மாறி, பையன் பள்ளிக்கூடத்தில் மலையாளம் எழுதப் படிக்க ஆரம்பித்துவிட்டால், நாலு மணி நேரமும் தூரம்தான் சார்.

எங்கள் தாத்தா பனையேறி. ஆச்சி விடிலியில் பதநீர் காய்ச்சுவார். அப்பா பனை ஏறவில்லை, சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்தார். நான் வங்கிக்கு வந்துவிட்டேன். மூன்று தலைமுறையில் பனையிலிருந்து ஏ.சி. அறைக்கு இறங்கிவிட்டோம். ஏறிவிட்டோம் என்று எழுதத்தான் நினைத்தேன், கை இப்படித்தான் எழுதியது.

*

இப்போது மேப்பிள் கதை.

வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் வளர்கிற மரம் சர்க்கரை மேப்பிள். பனிக்காலம் முடிகிற சமயம் ராத்திரியில் உறைபனி, பகலில் இளஞ்சூடு என்று மாறி மாறி வரும். அந்த நாலு முதல் ஆறு வாரங்களில் மரத்தில் சின்னதாகத் துளை போட்டுக் குழாய் செருகினால் சாறு சொட்டும். வெள்ளைக்காரர்கள் அங்கே கால் வைப்பதற்கு முன்பே அங்கிருந்த பூர்வகுடிகள் இந்தச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை செய்துகொண்டிருந்தார்கள். வந்தேறிகள் அவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்கள்.

1790களில் இந்தச் சர்க்கரைக்கு அரசியலும் சேர்ந்துகொண்டது. மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புச் சர்க்கரை அடிமைகளின் உழைப்பில் வந்தது. அதை விரும்பாதவர்கள் மேப்பிள் சர்க்கரையை முன்னே வைத்தார்கள். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1791ல் இதைப் பற்றி ஜெபர்சனுக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஜெபர்சனும் அதே வருஷம் தன் தோட்டத்தில் மேப்பிள் கன்றுகள் நட்டுப் பார்த்தார். (அவர் பண்ணையிலேயே அடிமைகள் வேலை பார்த்தார்கள் என்பது தனிக்கதை.) நம்ம ஊரில் காந்தியும் இதே போல ஒரு காரியம் செய்தார். 1934ல் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் தொடங்கிய பிறகு, ஏழைகளின் கைக்கு எட்டும் இனிப்பு என்று பனைவெல்லத்துக்காகப் பேசினார், எழுதினார். இரண்டு கண்டம், இரண்டு மரம், கிட்டத்தட்ட ஒரே நியாயம்.

முடிவும் ஒன்றுதான். ஆலைச் சர்க்கரை மலிவாக வந்ததும் மேப்பிள் சர்க்கரையும் தோற்றது, கருப்பட்டியும் தோற்றது. ஆனால் கனடாக்காரர்கள் கட்டியை விட்டுவிட்டுப் பாகைப் பிடித்துக்கொண்டார்கள். 1965 பிப்ரவரி 15 அன்று மேப்பிள் இலை அந்த நாட்டுக் கொடியில் ஏறியது. 2021ல் கியூபெக் மாகாண அரசு, மேப்பிள் சாறு காய்ச்சும் பருவத்தின் வழக்கங்களையே தன் மரபுச் சொத்தாக அறிவித்தது. கவனியுங்கள், மரத்தை இல்லை. காய்ச்சுவதையும் அதைச் சுற்றிக் கூடுவதையும்.

*

வங்கிக்காரன் என்பதால் ஒரு சின்னக் கணக்கு.

மேப்பிள் சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதம். 40 லிட்டர் சாற்றை வற்றவைத்தால் 1 லிட்டர் பாகு. நம்ம பதநீரில் சர்க்கரை அதைப் போல ஐந்து, ஆறு மடங்கு. எட்டு, பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைத்துவிடும். மேப்பிள் வருஷத்தில் ஒன்றரை மாதம் சுரக்கும். எங்கள் பக்கம் பங்குனியில் தொடங்கினால் ஆடி வரை பதநீர் உண்டு. மேப்பிள் மரம் துளை போடுகிற அளவுக்குப் பருக்க 40 வருஷம் ஆகலாம். பனைக்கு 15, 20 வருஷம் போதும்.

அப்படியென்றால் பனைதானே ஜெயிக்க வேண்டும்?

ஜெயிக்காததற்குக் காரணம் உயரம். மேப்பிளில் தரையில் நின்றுகொண்டே துளை போடலாம். இப்போது மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய் இழுத்துவிட்டால் சாறு தானாகவே கொட்டகைக்கு வந்துவிடுகிறது. பனையில் பாளை இருப்பது உச்சியில். அதை இடுக்கியால் நசுக்கி, பாளை அருவாளால் நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டவேண்டும். சீவின இடம் காய்ந்துவிட்டால் சுரப்பு நின்றுவிடும். அதனால் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏறிச் சீவியே ஆகவேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், தடவாவிட்டால் கள்.

தாத்தா ஒரு பருவத்துக்கு நாற்பது மரம் ஏறுவார். ஒரு மரம் நாற்பது அடி என்று வையுங்கள். இரண்டு வேளைக்கு 80 ஏற்றம், 3,200 அடி. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நேர் செங்குத்தாக, தினமும். இறங்குவது தனி. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, பாளைக்கு ஞாயிறு தெரியாது.

கீழே ஆச்சியின் வேலை. காய்ந்த ஓலையும் மட்டையும்தான் விறகு. கொதித்துப் பொங்கி வரும்போது ஆமணக்கு விதையை நசுக்கி ஒரு துளி போடுவார். பொங்கின நுரை அப்படியே அடங்கிவிடும். இதை நான் சொன்னதும் நண்பன் எழுந்தே உட்கார்ந்துவிட்டான். மேப்பிள் காய்ச்சும்போது பொங்கினால் அங்கே ஒரு துண்டு வெண்ணெயோ பன்றிக் கொழுப்போ போடுவார்களாம்! இரண்டு இடத்திலும் கொழுப்புதான் நுரையை அடக்குகிறது. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு கூட்டம் பெண்கள் ஒரே வித்தையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

*

சரி, இதில் தம்பானூர் எங்கே வந்தது?

எனக்குச் சாயங்கால நடை வழக்கம் உண்டு. தம்பானூர் பேருந்து நிலையத்தைத் தாண்டி, கிழக்கேகோட்டைப் பக்கம் நடந்தால் கொஞ்ச நேரத்தில் கோட்டைக்குள் இருக்கும் மத்திய ஆவணக் காப்பகம் வந்துவிடும். 2022 டிசம்பரில் அங்கே ஓலைச்சுவடிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். எட்டுக் கூடங்கள். திருவிதாங்கூர் அரசின் நிலக் கணக்கு, வரிக் கணக்கு, கோயில் கணக்கு, 1741ல் டச்சுக்காரர்களோடு நடந்த குளச்சல் போர்ச் செய்தி என்று எல்லாம் ஓலையில் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்களும் ஓலைச் சுருணைகள்தான். பனையோலை, குடைப்பனை ஓலை இரண்டும் இந்தப் பக்கத்தில் எழுதப் பயன்பட்டவை. சமஸ்கிருத நாடகாசிரியர் பாசனின் நாடகங்கள் என்று கணபதி சாஸ்திரி உலகத்துக்குக் காட்டிய சுவடிகளும் நூறு வருஷத்துக்கு முன்னால் பத்மநாபபுரம் பக்கத்தில் கிடைத்த ஓலைகள்தான்.

ஆக ஒரு ராஜ்ஜியத்தின் பேரேடு முழுக்க மரத்தின் இலையில் இருந்திருக்கிறது. என் மாதிரி ஆளுக்கு இதைவிட மரியாதையான மரம் வேறு என்ன வேண்டும்? அதற்கும் முன்னால் போனால், மூவேந்தர்களில் சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு, சேரனுக்குப் பனம்பூ. இந்த மண்ணின் பழைய ராஜா தலையில் சூடியதே பனை. 1850ல் கொழும்பில் வில்லியம் பெர்குசன் என்பவர் பனையைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். கும்பகோணம் அருணாசலம் என்ற புலவரின் 'தாலவிலாசம்' பனைக்கு 801 பயன்களைச் சொல்கிறது என்ற செய்தி அதன் வழியாகத்தான் பரவலானது.

கொடியில் இலையைப் போட்ட கனடாவுக்கு நாம் ஒன்றும் குறைச்சல் இல்லை. மரத்தைக் கொண்டாடுவதில் நாம் அவர்களுக்கு ஆயிரத்தைந்நூறு வருஷம் சீனியர்.

*

ஏறினவர்களை என்ன செய்தோம் என்று பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

தம்பானூரிலிருந்து ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்தில் கொல்லம். அங்கே கி.பி. 849ல், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்குக் கொடுத்த தரிசாப்பள்ளிச் செப்பேடு வரலாற்று மாணவர்களுக்குப் பரிச்சயம். அதில் பள்ளியைச் சேர்ந்த ஈழவர்களிடம் வாங்கக்கூடாது என்று சில வரிகளைத் தள்ளுபடி செய்கிறார்கள். அவற்றில் ஒன்று தலைக்காணம். இன்னொன்று ஏணிக்காணம். ஏணிக்காணம் என்றால் மரம் ஏறுகிறவனின் ஏணிக்கு வரி. பள்ளியைச் சேர்ந்தவர்களுக்குத் தள்ளுபடி என்றால் மற்றவர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

எத்தனையோ வரிகளைப் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். ஒருத்தன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிற ஏணிக்கு வரி போடலாம் என்று எந்த மகானுபாவனுக்குத் தோன்றியதோ தெரியவில்லை.

ஆயிரம் வருஷம் தள்ளி வந்தாலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1849ல் எங்கள் பக்கத்துப் பனையேறும் மக்களைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அவர்களின் வேலையை அவ்வளவு நுணுக்கமாகக் கவனித்தவர், அவர்களைப் பற்றி இளக்காரமாகவும் எழுதினார். பின்னாளில் அந்த மக்களே அதை எதிர்த்து நின்றார்கள். இந்தப் பக்கம் தென் திருவிதாங்கூரில் பனையேறிக் குடும்பத்துப் பெண்கள் தோளில் சீலை போடுவதற்கே பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859 ஜூலை 26 அன்று அரச ஆணை வந்தது. அதிலும்கூட, மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்று ஒரு கொக்கி.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டுக்கு வந்தன. திருவிதாங்கூரின் பனங்காடுகளில் பெரும்பகுதி அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் நாக்கு எல்லையைப் பார்ப்பதில்லை. நெய்யாற்றின்கரைப் பக்கம் பதநீரை இன்றும் அக்கானி என்கிறார்கள், கன்னியாகுமரியிலும் அதே சொல்தான். திருவனந்தபுரத்துப் பெரியவர்களிடம் கருப்பெட்டிக் காப்பி என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். அந்தக் காப்பிக்குப் பின்னால் ஒருத்தர் ஒரு நாளைக்கு 80 தடவை மரம் ஏறினார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நானும் சொன்னதில்லை. கல்லூரியில் சேரும்போது யாரோ தாத்தா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு "விவசாயம்" என்றேன். பக்கத்தில் நின்ற இந்த டொரண்டோக்காரனுக்கு விஷயம் தெரியும். அவன் தாத்தாவும் "விவசாயம்" தான் :-(

*

மாடியில் அன்றைக்கு அவன் சொன்ன இன்னொரு கதை என்னைத் தூங்கவிடவில்லை.

உலகத்தின் மேப்பிள் பாகில் சுமார் எழுபது சதவீதம் கியூபெக்கில் மட்டும் உற்பத்தியாகிறது. பனி ஒழுங்காக உருகாத வருஷம் விளைச்சல் படுத்துவிடும். நன்றாக உருகின வருஷம் கொட்டிக் கிடக்கும், விலை படுத்துவிடும். அதனால் 1966ல் உருவான உற்பத்தியாளர் கூட்டமைப்பு, 2000ல் ஒரு கையிருப்புக் கிடங்கை ஏற்படுத்தியது. அதிகமானதைப் பீப்பாயில் அடைத்து வைப்பது, குறைந்த வருஷம் வெளியே விடுவது. 2004 முதல் யார் எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்று ஒதுக்கீடும் வந்தது. ரிசர்வ் வங்கி தங்கம் வைத்திருக்கிற மாதிரி அவர்கள் பாகு வைத்திருக்கிறார்கள்! 2021ல் விளைச்சல் குறைந்து தேவை ஏறினபோது கையிருப்பில் ஏறக்குறைய பாதியை வெளியே விட்டுச் சமாளித்தார்கள்.

இந்தக் கிடங்கில் திருட்டும் நடந்திருக்கிறது. 2011, 2012ல் சுமார் 3,000 டன் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிவிட்டார்கள். மதிப்பு ஒரு கோடியே எண்பது லட்சம் கனடிய டாலருக்கும் மேல். சில பீப்பாய்களில் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார்கள். சரக்கு சரிபார்க்கப் போனவர் அடுக்கின் மேல் ஏறியபோது, அசையக்கூடாத பீப்பாய் ஒன்று ஆடியது. அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. ஸ்டாக் வெரிபிகேஷனை ஒழுங்காகச் செய்யுங்கள் என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் இப்போது இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

அங்கேயும் எல்லாம் தேனும் பாலுமில்லை. ஒதுக்கீட்டு முறையை எதிர்த்து வழக்குப் போட்ட விவசாயிகள் உண்டு. சொல்லிக்கொடுத்த பூர்வகுடிகளுக்கு அந்தக் கொண்டாட்டத்தில் கிடைத்த இடமும் சொற்பம். ஆனாலும் சாறு எடுக்கிறவன் அடுத்த வருஷமும் எடுக்கவேண்டும், அதற்கு அவனுக்கு விலை கிடைக்கவேண்டும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

எங்கள் தாத்தாவுக்கு அப்படி யோசிக்க ஆள் கிடையாது. மரங்கள் அவருடையவை இல்லை, பருவத்துக்குப் பாட்டம். பருவம் தொடங்குவதற்கு முன்னாலேயே ஏவாரியிடம் முன்பணம் வாங்கிவிடுவார். அதனால் கருப்பட்டி முழுவதும் ஏவாரிக்கே, ஏவாரி சொன்ன விலைக்கே. ஆச்சிக்கு எழுதத் தெரியாது. பனை நாரில் பத்துக் கருப்பட்டிக்கு ஒரு முடிச்சு போட்டுக் கணக்கு வைப்பார். ஏவாரியின் நோட்டும் ஆச்சியின் முடிச்சும் ஒரு வருஷம்கூட ஒத்துப்போனதில்லை. நான் கணக்குப் படித்ததற்கு அந்த நார்தான் காரணம் என்று சொன்னால் நம்புவீர்களா? ஆச்சிக்காக ஒரு நாளாவது அந்த நோட்டைச் சரிபார்க்க வேண்டும் என்று சின்ன வயதில் ஒரு வெறி.

*

இப்போது நான் எழுதத் தயங்கின விஷயம்.

2011ல் தென்மாவட்டத்தில் ஒரு கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். ஒரு நாள் ஐம்பது வயதுக்காரர் ஒருத்தர் வந்தார். நெஞ்சிலும் முன்கையிலும் காய்ப்பு. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தாத்தாவுக்கும் அதே இடத்தில் அதே காய்ப்பு. அவருக்கு வேண்டியது முப்பதாயிரம் ரூபாய். அறுபது மரத்துக்குப் பாட்டம் கட்டவேண்டும், மகனும் கூட ஏறுவான், ஏவாரியிடம் போகாமல் இந்த ஒரு வருஷம் சொந்தமாகச் செய்துபார்க்கிறேன் என்றார்.

பட்டா கேட்டேன். இல்லை. குத்தகைப் பத்திரம் கேட்டேன். வாய்வார்த்தைதான் என்றார். ஜாமீன்? பேசாமல் இருந்தார். விதிப்படி சரியாகத்தான் செய்தேன். விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "சரிய்யா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

விதிகள் என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் நிலம் இல்லாத குத்தகைதாரர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் கூட்டுப் பொறுப்புக் குழுவாகக் கடன் கொடுக்கிற வழியை நபார்டு அதற்குச் சில வருஷம் முன்பே கொண்டுவந்திருந்தது. சுற்றறிக்கை என் மேஜை டிராயரில் இருந்தது. அவரைப் போல இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மார்ச் மாதக் கடைசி, டார்கெட், ஆடிட் என்று எனக்கு ஆயிரம் வேலை. சொல்லவில்லை. என் தாத்தாவும் பனையேறி என்றும் சொல்லவில்லை. கூட இருந்த சிப்பந்திகளுக்குத் தெரியவேண்டாமே என்ற அந்தப் பழைய கல்லூரிப் புத்தி.

ஆச்சிக்காக நோட்டைச் சரிபார்க்கக் கிளம்பினவன், கடைசியில் ஏவாரியின் நோட்டுக்கே அவரைத் திருப்பி அனுப்பிவைத்தேன். தரிசாப்பள்ளிச் செப்பேட்டை முதல் தடவை படித்தபோது எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வந்தது. ஏணிக்கு வரி போட்டவனைத் திட்டுவது சுலபம்.

*

நிலைமை முழுக்க இருட்டு என்று சொல்லமாட்டேன். பனை தமிழ்நாட்டின் மாநில மரம் என்பது எல்லோருக்கும் தெரியும். 2021ல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் கொடுப்பதாக அறிவித்தார்கள். மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்றார்கள். 2023ல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தியைப் பார்த்ததும் டொரண்டோவுக்குப் போன் போட்டேன். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சந்தோஷப்பட்டோம்.

இருந்தாலும் கணக்குப் பார்க்கிற புத்தி விடமாட்டேன் என்கிறது. இன்று நடுகிற விதை பாளை விட 15, 20 வருஷம் ஆகும். அன்றைக்கு ஏறுவதற்கு யார் இருப்பார்கள்? எங்கள் கிராமத்தில் நான் சின்னப் பையனாக இருந்தபோது தெருவுக்குப் பத்துப் பேர் ஏறினார்கள். இப்போது ஊருக்கே மூன்று பேர், மூவருக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால் பதநீர் இறக்குகிறவரும் கலயத்தில் சுண்ணாம்பு இருக்கிறது என்று அவ்வப்போது நிரூபிக்க வேண்டியிருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் கள்ளுக்கடைக்கு அரசே உரிமம் கொடுக்கிறது. ஒரே மரம், ஒரே பாளை, நடுவில் ஒரு செக்போஸ்ட். கடையில் மலிவாகக் கிடைக்கிற கருப்பட்டியில் பாதி சீனி. அதோடு போட்டி போட்டு அசல் கருப்பட்டிக்காரர் விலை சொன்னால், "என்னங்க இவ்வளவு விலை" என்கிறோம். அதே நாம் மேப்பிள் சிரப்புக்கு விலை கேட்பதில்லை.

மறுநாள் காலை நண்பனை வண்டி ஏற்றிவிட ஸ்டேஷனுக்குப் போனேன். திரும்பிப் போகும்போது டொரண்டோவுக்கு இரண்டு கிலோ கருப்பட்டி வேண்டும் என்றான். மே மாதம் ஊருக்குப் போய் நானே வாங்கி வந்து கொடுத்தேன். கடையில் வாங்கவில்லை. அந்த மூன்று பேரில் ஒருத்தரின் விடிலிக்கே போனேன். அவர் மனைவி சிரட்டையிலிருந்து தட்டி எடுத்து, ஓலைப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தார். என்ன விலை என்று கேட்டதற்குத் தயங்கித் தயங்கிச் சொன்னார். பேரம் பேசுவேன் என்று பயந்திருப்பார் போல.

"நான் இன்னாருடைய பேரன்" என்று தாத்தா பேரைச் சொன்னேன். பனை மேலே இருந்தவர் காதில் விழுந்துவிட்டது. உச்சியிலிருந்தே குரல் கொடுத்தார்: "அவரா? அவருல்லா எனக்குப் பாளை சீவச் சொல்லிக் கொடுத்தது!"

அண்ணாந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அவர் இறங்கி வந்ததும், அடுத்த பருவத்துக்கு ஏவாரியிடம் எவ்வளவு முன்பணம் வாங்குவார் என்று கேட்டேன். மற்ற இரண்டு பேரையும், பக்கத்து ஊரில் ஏறுகிறவர்களையும் சேர்த்தால் ஒரு குழுவுக்கு ஆள் தேறும் போலிருக்கிறது. அந்த ஊர்க் கிளையில் எனக்குத் தெரிந்தவர் ஒருத்தர் இருக்கிறார். விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். தொழில் என்ற இடத்தில் 'பனையேறுதல்' என்றே எழுதினேன்.

கிடைத்ததா இல்லையா என்று பங்குனியில் சொல்கிறேன்.